நானூற்று அறுபத்தெட்டு

காலை மூன்றரைக்கு
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறினால்
முதல் நான்கு மரம் வரைக்கும்தான் கண்ணாடி, கண்ணாடி.
அப்புறம் அது என் மூச்சு.
துப்பட்டா நுனியால் துடைப்பேன்.
துடைக்கிற விரலில் ஒட்டுப்பால் இருந்துவிட்டால்
அன்றைக்கு முழுக்க
உலகத்தின் மேல் ஒரு கைரேகை.

எனக்கு மைனஸ் ஆறு. தங்கச்சி பெனிலாவுக்கு நாலரை.
அவள் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறவள்,
குலசேகரம் மைதானத்தில்
கண்ணாடியைத் தலையோடு நாடா போட்டுக் கட்டி ஓடுகிறவள்.
மகளிர் குழுவில் கடன் கேட்டோம்.
"ஆளுக்கு ரெண்டு, மொத்தம் நாலு கண்ணு"
என்று நோட்டில் குறித்தாள் ஸ்டெல்லாபாய்,
ஆட்டுக் கடன் எழுதுகிற அதே பக்கத்தில்.

நாகர்கோவில், வெட்டூர்ணிமடம் தாண்டி
மாடியில் ஆஸ்பத்திரி.
தாடையை ஊன்று என்றார்கள்.
இமைக்காதே என்றார்கள்.
வளையம் வளையமாய் ஒரு வெளிச்சம் வந்து
என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
திரையில் என் கண்,
பச்சையும் மஞ்சளுமாய் ஒரு மலையின் வரைபடம்,
அடிவாரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

டாக்டர் சொன்னார்:
கருவிழியில் மெல்லிசாய் ஒரு மூடி திறப்போம்,
ஒரு ஓரத்தில் கீல் விட்டு.
உள்ளே லேசர் சீவும்,
ஒரு பவருக்குப் பதினைந்து மைக்ரான்.
கத்தி கிடையாது.
கண் அசைந்தால் கருவியும் கூடவே அசையும்.
மூடியைத் திரும்ப வைத்தால் போதும்,
தையல் இல்லாமல் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

"எவ்வளவு மிச்சம் வைப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
வலிக்குமா என்று கேட்பார்களாம்,
எத்தனை ரூபாய் என்று கேட்பார்களாம்.

நான் பால் வெட்டுகிறவள், டாக்டர்.
சீவுவது பெரிய காரியமில்லை.
தடியில் கத்தி பட்டால்
அந்த இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாய் வளரும்,
அடுத்த முறை கத்தி ஓடாது.
தடிக்கு ஒரு நகக்கனம் முன்னால் நிற்கணும்.
அங்கேதான் பால்.

அவர் தாளை என் பக்கம் திருப்பிவைத்துக் கணக்குப் போட்டார்.
என் கருவிழி நானூற்று அறுபத்தெட்டு.
மூடிக்கு நூற்றுப் பத்து.
பவருக்குத் தொண்ணூறு.
மிச்சத்தின் அடியில் இரண்டு கோடு இழுத்து,
சிவப்பை ஒருமுறை தொட்டுக் காட்டி,
"உங்க கண்ணை நான் தொட மாட்டேன்" என்றார்.

பெனிலாவுக்கு ஐந்நூற்று ஐம்பத்திரண்டு.
ஒரே வயிறு, ஒரே மரச்சீனிக் கிழங்கு,
எண்பத்துநாலு மைக்ரான் எங்கே போயிற்றோ.

வெளியே உட்கார்ந்திருந்தேன்.
என் டீ ஆறி ஆடை படிவதற்குள் முடிந்துவிட்டது.
பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்களாம்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி கலைந்து போனதாம்,
முடி கருகின வாசம் வந்ததாம்.
"எனக்க கண்ணு வாசம் அக்கா, அது."

மறுநாள் பரிசோதனை முடிந்து வடசேரி பஸ் ஸ்டாண்டில்
தூரத்தில் நின்ற வண்டியின் பலகையைப் படித்தாள்: பேச்சிப்பாறை.
அப்புறம் அதன் கீழே இருந்த ஊர்களை.
அப்புறம் டயர் கடையின் போன் நம்பரை,
சத்தமாக, பத்து எண்ணையும்.
கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வழிந்தது
சொட்டு மருந்தா என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி லைட்டைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்கிறாள்.
கொஞ்ச நாளில் போய்விடுமாம்.
இல்லாத கண்ணாடியை
மூக்கின் மேல் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

ஸ்டெல்லாபாய் பேனா எடுத்து
என் இரண்டு கண்ணையும் நோட்டில் அடித்தாள்.
வட்டி குறைந்தது.

மூன்றரை மணி. பனி.
நாலாவது வரிசையில் பட்டை மெலிந்த மரம் ஒன்று உண்டு.
அதில் நாங்கள் கத்தி வைப்பதில்லை,
சிரட்டையும் மாட்டுவதில்லை.
இத்தனை வருஷம் நிற்காமல் தாண்டிப் போன மரம்.
இன்றைக்கு அதில் முதுகைச் சாய்த்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த மரத்துக்குப் போனேன்.